நான் ஏற்றாத மெழுகுதிரி

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். மல்லி வறுத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் நான் போனை எடுப்பதில்லை. ஒரு நிமிஷம் கை நின்றால் போதும், அடிப்பக்கம் கருகிவிடும். ஆனால் அன்றைக்கு அது விடாமல் அடித்தது. எடுத்துவிட்டேன்.

இத்தாலியிலிருந்து ஒரு பெண். சிங்களத்தில் பேசினாள். பெயர் டில்ருக்ஷி. சொந்த ஊர் நம்ம மாத்தளை மாவட்டத்து வஹகோட்டைதானாம். ஊரைப் பார்த்து ஒன்பது வருஷமாகிறதாம். இப்போது கொஞ்ச நாளாக நம்ம வீட்டுக் கறித்தூளைத்தான் வாங்குகிறாளாம். அங்கே அப்போது இன்னும் விடியவில்லை.

"அக்கே, இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை. கோயிலுக்குப் போயிட்டீங்களா?"

எந்தக் கோயிலுக்கு?

"எங்க வஹகோட்டைக் கோயிலுக்குத்தான். இவருக்கு இன்னைக்குத்தான் நெஞ்சு ஆபரேஷன். அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏத்துறேன்னு எழுதியிருந்தீங்களே... ஏத்தினதும் ஒரு போட்டோ அனுப்புங்க. அதைப் பார்த்துட்டுத்தான் உள்ளே போவேன்னு பிடிவாதமா இருக்காரு."

நான் அப்படி ஒரு வரி எழுதவே இல்லை.

அதை அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? ஒரு பொம்பளை விடியாத நேரத்தில், ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு கேட்கிறாள். எத்தனை மணிக்கு உள்ளே கொண்டு போவார்கள் என்று மட்டும் கேட்டேன். நம்ம நேரத்துக்குப் பின்னேரம் ரெண்டரை என்றாள். "அதுக்கு முந்தி அனுப்புறேன் நங்கி" என்று, தங்கச்சிக்குச் சொல்கிற மாதிரி சிங்களத்தில் சொல்லி வைத்தேன்.

மல்லி கருகிப் போயிருந்தது.

சரி, யார் எழுதியது? வேறு யார்... மெஷின்தான்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு என் கறித்தூள் வியாபாரம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஓ.எல். பரீட்சை வரைக்கும்தான் படித்தேன். கல்யாணம் கட்டி மாத்தளைக்கு வந்தேன். பிள்ளைகள் பெரிதானதும் வீட்டில் தூள் அரைத்து விற்கத் தொடங்கினேன். குளித்து, விளக்கேற்றி, அதன் பிறகுதான் அடுப்புப் பக்கம் போவேன்.

வாங்குகிறவர்கள் வாட்ஸ்அப்பில் ஓர்டர் தருவார்கள். கூடவே மனசில் இருப்பதையும் சொல்வார்கள். மகளுக்கு வரன் அமையவில்லை, மாமிக்குச் சுகமில்லை, வீசா வரவில்லை. நானும், "சாமிகிட்ட சொல்றேன்" என்று பதில் போடுவேன். சும்மா போடுவதில்லை. சுவரில் தொங்கும் கலண்டரில் வருகிற வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் அந்தப் பெயரை எழுதிவிடுவேன். வெள்ளி பின்னேரம் விளக்குக்கு முன்னால் நின்று அத்தனை பெயரையும் வாசிப்பேன். இது எனக்கும் அம்பாளுக்கும் உள்ள ஏற்பாடு.

இந்த வருஷம் என் தங்கச்சி சுகந்தி வியாபாரத்தில் சேர்ந்தாள். கண்டியில் இருபது வருஷம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவள், அதை விட்டுவிட்டு, இதை நம்பி வந்தாள். வரும்போதே ஏ.ஐ. வைத்து மார்க்கெட்டிங் செய்வது எப்படி என்று ஒரு கோர்ஸும் முடித்துவிட்டு வந்தாள்.

"அக்கா, உன் தூள் உனக்குத் தெரிஞ்சவங்களைச் சுத்தியே சுத்திக்கிட்டு இருக்கு. உன் பேரே கேள்விப்படாதவங்க வீட்டுக்கு அது போகணும்" என்றாள்.

போகட்டுமே. எனக்கென்ன கசக்கவா போகிறது?

மெஷின் நன்றாகத்தான் வேலை செய்தது. பொய் சொல்லக் கூடாது. விளம்பரம் மூன்று மொழியிலும் எழுதியது. யாருக்கு நம்ம ஊர்த் தூள் வேண்டியிருக்கிறது என்று அதுவே தேடிக் கண்டுபிடித்து, அவர்கள் போனில் கொண்டுபோய்க் காட்டியது. வில்கமுவவிலிருந்து ஓர்டர் வந்தது, இத்தாலியிலிருந்தும் வந்தது. பஸ்ஸே ஒழுங்காகப் போகாத ஊருக்கெல்லாம் என் தூள் போனது. கேள்வி கேட்டால் ஒரு நிமிஷத்தில் பதில்... அதுவும் என்னை மாதிரியே. ஏனென்றால் சுகந்தி என் மூன்று வருஷத்து மெசேஜ் அத்தனையையும் அதற்குப் படிக்கக் கொடுத்திருந்தாள். அதோடு, "ஒவ்வொருத்தரோடும் அவங்கவங்க மொழியில, அவங்கவங்க வழக்கப்படி பேசு" என்றும் சொல்லி வைத்திருந்தாள்.

மெஷின் என்ன படித்தது? யாராவது கஷ்டம் சொன்னால் அக்கா பிரார்த்தனை செய்வதாகச் சொல்வார். சொன்னால் அவர்கள் மறுபடியும் ஓர்டர் தருவார்கள். அதைத்தான் படித்தது.

அதற்குக் கலண்டர் தெரியாதே.

மல்லிச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு சுகந்தியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் கொஞ்சம் வெளுத்தது. ஆனால் அவள் கெட்டிக்காரி, உடனே வழி சொன்னாள்.

"பயப்படாதே அக்கா. ரெண்டு நிமிஷம் இரு. கோயில், மெழுகுதிரி, முன்னால நீ நிக்கிற மாதிரி படம் செஞ்சு தாறேன். அந்தோனியாருக்கே வித்தியாசம் தெரியாது."

"அவருக்குத்தான்டி முதல்ல தெரியும்" என்றேன்.

எங்கள் வீட்டுக்காரர் பேப்பரை இறக்காமலே, "நம்ம வீட்டுலயே உங்க மெஷினுக்குத்தான் பக்தி ஜாஸ்தி போல" என்றார். பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. சேலையை மாற்றிக்கொண்டு இறங்கினேன். சுகந்தியும் பின்னாலேயே ஓடி வந்தாள்.

பஸ்ஸில் இடமில்லை. நின்றுகொண்டே சண்டை போட்டோம்.

அவள் கட்சி இதுதான்: போகிறது சரி, போட்டோ அனுப்புகிறதும் சரி, ஆனால் மெஷின் எழுதிய கதையை அந்தப் பெண்ணிடம் சொல்லக் கூடாது. புருஷன் ஆபரேஷனுக்குப் போகிற நேரத்தில் எதற்கு? அது மட்டுமா, இது வெளியே தெரிந்தால் யார் நம்மிடம் வாங்குவார்கள்? நான் வேலையை விட்டுட்டு வந்திருக்கேன் அக்கா, என்றாள். அதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. அவள் பயமும் பொய்யில்லை. எனக்கு அது தெரியாமலில்லை.

"கேட்டா சொல்லுவேன். கேக்காட்டி ஆபரேஷன் முடிஞ்ச பிறகு சொல்லுவேன்" என்றேன்.

"நீ எப்பவும் இப்படித்தான்."

"ஆமா. எப்பவும் இப்படித்தான்."

பஸ் இறங்கும்போது ஒரு மணி தாண்டியிருந்தது. நெற்றியில் திருநீறு, நடுவில் குங்குமம்... அந்தோனியார் கோயிலுக்கு அப்படி வருகிற முதல் ஆள் நான் இல்லையே. மெழுகுதிரி வாங்கினேன். ஏற்றினேன். டில்ருக்ஷியின் புருஷனுக்காக என்று சொன்னேன். சுகந்தி போட்டோ எடுத்து அனுப்பினாள்.

அனுப்பிய கையோடு டில்ருக்ஷி போனில் வந்தாள். அழுகிறாள். அவர் பார்த்துவிட்டாராம், சிரித்தாராம். பிறகு கேட்டாளே ஒரு கேள்வி...

"அக்கே, அஞ்சு வாரமா எங்களுக்காக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வாறீங்க. அவ்வளவு தூரம் பஸ்ல வர கஷ்டமில்லையா?"

அஞ்சு வாரமா?

சுகந்தியைப் பார்த்தேன். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

பிறத்தியார் கோயிலில், பிறத்தியார் சாமிக்கு முன்னால், இப்போதுதான் ஏற்றிய திரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஆமா என்று சொல்ல என் நாக்கு எழும்பவில்லை.

"நங்கி, நான் இன்னைக்குத்தான் முதல் தடவையா வாறேன். உங்களுக்கு எழுதினது நான் இல்ல, ஒரு மெஷின். என் பேச்சைப் படிச்சு அதுவா எழுதியிருக்கு. காலையில நீங்க பேசுற வரைக்கும் உங்க வீட்டுக்காரருக்கு சுகமில்லைன்னே எனக்குத் தெரியாது. தெரிஞ்சதும் வந்தேன். என்னை மன்னிச்சுக்குங்க."

லைன் போய்விட்டதா என்று போனைப் பார்த்தேன். போகவில்லை.

"இப்ப பேசுறது நீங்கதானே?" என்றாள்.

"நான்தான்."

"அப்ப போனை அந்த மெழுகுதிரிக்குக் கிட்ட பிடிச்சுக்கிட்டு கொஞ்சம் நில்லுங்க அக்கே. பேச வேண்டாம்."

நின்றேன். யாரோ செருப்பைத் தேய்த்து நடக்கிற சத்தம், ஒரு சின்னப் பிள்ளையின் இருமல், காற்று. ஒன்பது வருஷமாகக் கேட்காத சத்தத்தை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். போன் பிடித்த கை வலித்தது, மாற்றவில்லை. சுகந்தி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சுகந்தி மெஷின் அனுப்பிய மெசேஜ்களைத் திறந்து, ஒவ்வொன்றாக எனக்கு வாசித்துக் காட்டினாள்.

அம்மம்மா... மூன்றே மாசத்தில் நான் நாலு மதத்திலும் பெரிய பக்தையாகியிருக்கிறேன். தம்புள்ளையில் ஒரு அம்மாவுக்குப் போதி பூஜை செய்வதாகச் சொல்லியிருக்கிறேன். ஒரு முஸ்லிம் பிள்ளையின் பரீட்சைக்குத் துஆ கேட்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். எல்கடுவவில் தேயிலைக் கொழுந்து எடுக்கிற ஒரு பெண்ணுக்குக் குழந்தை வரம் வேண்டி, ஒரு மண்டலம் விரதம் இருந்துகொண்டிருக்கிறேன். அன்றைக்குக் காலையில்தான் வயிறு நிறைய ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டிருந்தேன்.

"எல்லாத்தையும் டிலீட் பண்ணிடவா?" என்று கேட்டாள்.

போனில் அழிக்கலாம். குழந்தைக்காக ஏங்குகிற அந்தப் பெண், எங்கேயோ ஒரு அக்கா எனக்காகப் பட்டினி கிடக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு மலை ஏறுகிறாளே... அந்த நினைப்பை எந்த பட்டனை அமுக்கி அழிப்பது?

எங்கள் வழக்கத்தில் நேர்த்திக்கடன் என்றால் நேர்த்திக்கடன்தான். அம்மா பிள்ளைக்காக வைப்பாள், புருஷன் பெண்சாதிக்காக வைப்பான். வைத்தவர் செத்துப் போனாலும் வீட்டில் மிஞ்சியவர் செய்து முடிப்பார். மெஷின் வைத்த நேர்த்தியை யார் செய்வது? அதற்குக் காலும் இல்லை, வயிறும் இல்லை. பெயர் என் பெயர். அப்படியென்றால் நான்தான்.

செய்யத் தொடங்கிவிட்டேன். ஒவ்வொருவருக்கும் உண்மையைச் சொல்லி எழுதினோம் — எழுதியது மெஷின், ஆனால் இனிமேல் செய்யப் போவது நான். போதி மரத்துக்கு அடுத்த வீட்டு சிங்கள அம்மாவோடு போய்த் தண்ணீர் ஊற்றினேன். துஆ எனக்குத் தெரியாது. நமக்கு மிளகு கொண்டு வந்து தருகிற முஸ்லிம் அண்ணனிடம், எங்கள் நானாவிடம், கேட்டேன். "துஆவுக்குமா சப்-கொன்ட்ராக்ட், தங்கச்சி?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, பிள்ளையின் பெயரைக் கேட்டு ஒரு காகிதத் துண்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். விரதம் இன்றைக்கு நாலாவது நாள்.

இதைக் கேள்விப்பட்ட சிலருக்குச் சிரிப்பு. உலகம் எங்கேயோ போகிறது, இவர் இன்னும் சூடமும் சாம்பிராணியுமாக இருக்கிறார் என்கிறார்கள். கோர்ஸ் நடத்திய ஆள் சுகந்தியிடம், மனசைத் தொடுகிற மாதிரி எழுதினால்தான் விற்கும், உங்கள் மெஷின் சரியாகத்தான் செய்திருக்கிறது, நிறுத்தாதீர்கள் என்றாராம்.

அவருக்கு நான் ஒன்று சொல்ல வேண்டும். ஐயா, மெஷின் கணக்குப் பார்க்கட்டும். பாக்கெட் எத்தனை கிராம், பார்சல் எத்தனை நாளில் வரும், உறைப்புக் கூடவா குறைவா... மூன்று மொழியிலும் நாள் முழுக்கச் சொல்லட்டும். அது தேடிக் கொண்டுவருகிற புது ஆட்களை வாசலில் நின்று கும்பிட்டு வரவேற்கிறேன். எனக்கு அது வேண்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'வேண்டிக்கொள்கிறேன்' என்கிற சொல் இருக்கிறதே, அதை அது தொடக் கூடாது. அது விற்கிற சொல் இல்லை. சொன்னவர் எழும்பிப் போய்ச் செய்ய வேண்டிய சொல். உங்கள் கோர்ஸில் அதற்கு என்ன பெயர் வைத்திருந்தாலும் சரி, என் வீட்டில் நடக்காது.

சுகந்தி மெஷினிடம் அப்படியே சொல்லி வைத்துவிட்டாள். இப்போது யாராவது கஷ்டம் எழுதினால், "நான் பதில் எழுதும் மெஷின். இதை அக்காவிடம் நேரில் சொல்கிறேன்" என்று மட்டும் போடுகிறது. சுகந்தி அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்து வாசிக்கிறாள். பதிலை நான் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருக்கும். ஒரு நாள் பிந்தும்.

டில்ருக்ஷியின் புருஷனுக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது. ஆள் இன்னும் ஆஸ்பத்திரியில்தான். டொக்டர்மார் ஒன்றும் உறுதியாகச் சொல்லவில்லை. இன்றைக்கும் செவ்வாய்க்கிழமை, இதை எழுதிக் கொடுத்துவிட்டு நான் பஸ்ஸுக்குப் போக வேண்டும்.

ஓர்டர் கொஞ்சம் குறைந்திருக்கிறதாம். குறையட்டும் — கலண்டரில் பெயர்கள் கூடியிருக்கின்றன.