வெறும் வயிற்றுக்கு முதல் பாதி

"வலது கையா, எடது கையா சார்? நேத்து ஒரு படம் பாத்தேன்," என்று ஆரம்பிக்கும்போதே பக்கிரி ரப்பர் பட்டையைக் கட்டி முடித்திருப்பார். "போலீஸ் படம். ஈரோவுக்குத் தோள்ல மூணு குண்டு. மூணு குண்டு பட்டவன் சட்டைல ஒரு பொத்தானக்கூட கழட்டல சார்." அபிராமபுரம் வெங்கடரமணன் எழுபத்தைந்து வயதிலும் ஊசியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர். அவர், "அதெப்படி?" என்று கேட்பதற்குள் குழாயில் ரத்தம் நிரம்பிவிடும். "அத்தான் நானும் கேக்கறேன்," என்று பக்கிரி பஞ்சை வைத்து அழுத்துவார்.

பக்கிரிக்கு ஐம்பத்து நான்கு வயது. மந்தைவெளியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறார். காலை ஐந்தரைக்கு நொச்சிக்குப்பம் குடியிருப்பிலிருந்து ஸ்கூட்டரை எடுத்தால், வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து முடிக்கப் பத்து மணி ஆகும். நகங்களை ஒட்ட வெட்டியிருப்பார். மோதிரம் போடுவதில்லை. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் கேட்பது தண்ணீர்க் குழாய் எங்கே என்பதைத்தான். கையைக் கழுவியபின் அந்த வீட்டுத் துண்டைத் தொடமாட்டார், காற்றிலேயே உதறிக் காயவைப்பார். "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்று நோயாளியிடம் சொல்பவர்களை அவருக்குப் பிடிக்காது. "வலிக்கும். பத்து வரைக்கும் எண்ணுங்க, முடிஞ்சிரும்," என்பார்.

எண்ணுவதற்கும் பயப்படுகிறவர்களுக்குத்தான் படம். எத்தனை குழாய் ரத்தம் என்பதைப் பொறுத்துக் கதையின் நீளம். சர்க்கரை மட்டும் என்றால் ஒரு வரி: "பேய்ப் படம் சார், பேய்க்கே அலுத்துப்போச்சு." கொழுப்பு, தைராய்டு, சிறுநீரகம் என்று நான்கைந்து குழாய்கள் இருந்தால் கொஞ்சம் விரிவாக வரும். வெறும் வயிற்றில் ஒருமுறை, சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் மறுமுறை என்று டாக்டர் எழுதியிருந்தால், அவர்களுக்கு முழுப் படமும் உண்டு. முதல் தடவை வரும்போது இடைவேளை வரைக்கும். மிச்சம், காலை டிபன் செரித்த பிறகு.

வெள்ளிக்கிழமை பதினொன்றரை காட்சிக்குத் தனியாகப் போவார். ஓரத்து இருக்கை. எதுவும் கொறிக்கமாட்டார், வாய் அசைந்தால் கண்ணும் அசையும் என்பது அவருடைய கட்சி. படம் முடிந்து எல்லோரும் எழுந்து போனபின்னும் பெயர்கள் ஓடி முடிகிறவரை உட்கார்ந்திருப்பார். துடைப்பத்தோடு வருகிற பெண்மணி, "இன்னா அண்ணே, இன்னும் கீறியா?" என்பாள். "யாரு வெளிச்சம் புடிச்சான், யாரு சோறு ஆக்கிப் போட்டான்னு பாக்க வாணாமா?" என்பார் பக்கிரி.

அவருடைய தீர்ப்புகள் பத்திரிகையில் வருகிற மாதிரி இருக்காது. ஊரே அழுதுகொண்டு வெளியே வந்த ஒரு திருவிழாப் படத்தைப் பற்றி, "அதுல எல்லாரும் அழுவுறாங்கோ. நாம அழுவுறதுக்கு எடமே வுடல," என்றார். இரண்டாம் பாகம் வரும் என்று பாதியில் நிறுத்திய படத்தின்மீது அவருக்கு நிஜமாகவே கோபம். "பாதி ரத்தம் எடுத்துக்கினு மீதிக்கு அடுத்த வருசம் வரேன்னா வுடுவீங்களா நீங்க?" வீட்டை விற்கிற வயதான தம்பதியைப் பற்றிய சின்னப் படம் ஒன்று வந்து, ஒரே வாரத்தில் போய்விட்டது. அது அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. "சாவியக் குடுத்துட்டு அந்தம்மா தெருவுல நின்னு பையில சாவியத் தேடுது. படம் அங்கியே முடிஞ்சிபோச்சு. அதுக்கு மேல ஒரு பாட்டப் போட்டு நம்மள உக்கார வெச்சிட்டான்."

ஆஸ்பத்திரிக் காட்சி வந்தால் யாரும் தப்ப முடியாது. குளுக்கோஸ் ஏறுகிற கையை நீட்டி வசனம் பேசும் கதாநாயகி, உள்ளே போகாத ஊசி, கட்டிய இடத்திலேயே நிற்காத கட்டு, எல்லாவற்றையும் அடுத்த நாள் பதினைந்து வீடுகளில் சொல்லிவிடுவார். அவருடைய மகள் காவேரி இதையெல்லாம் கேட்டே வளர்ந்தவள். பி.காம். முடித்துவிட்டு சினிமாவுக்குப் போனாள். நான்கு வருடமாக உதவி இயக்குநர். போன வெள்ளிக்கிழமை வந்த படத்தில் ஒரு காட்சியை அவளே எழுத டைரக்டர் விட்டுக்கொடுத்திருந்தார். வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுக்கிற ஒரு மனிதரைப் பற்றிய காட்சி.

முதல் நாளே பக்கிரி போய்ப் பார்த்தார். சாயங்காலம் காவேரி வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். "சொல்லு நைனா. மறைக்காம சொல்லணும்."

அவருக்கு மறைக்கத் தெரியாது. "பட்டைய அவுக்காம ஊசிய உருவுறான். கை நீலமா வீங்கிக்கிது. தொழில் தெரிஞ்ச எவனும் அப்படிப் பண்ணமாட்டான்."

"அது தப்புன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் எழுதினேன். அன்னிக்குக் காலைல அந்த ஆளுக்கு வேல போச்சு. அவரு மனசு அங்க இல்ல."

"மனசு எங்கனா போவட்டும். கை இங்கதான கீது? இருவது வருசம் செஞ்ச கை தானா அவுத்துடும்."

"மனுசன்தான நைனா அவரு."

"கேட்ட, சொல்லிட்டேன். அந்தப் படத்துலயே ஒன் சீன்தான் மோசம்."

மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த மனைவி லூர்துமேரி, "ஊர்ல வர்ற படத்தயெல்லாம் குத்தியாச்சு, இப்ப பெத்த பொண்ணயும் குத்தியாச்சு. கை ஓஞ்சுதா?" என்றாள். அதன்பிறகு ஐந்து நாளும் காவேரி அப்பாவுக்குச் சொல்ல வேண்டியதை அம்மாவிடம் சொன்னாள். "சார்ஜர் எங்கன்னு கேளும்மா." ஒரே அறையில் இரண்டடி தள்ளி நின்றுகொண்டு.

வியாழக்கிழமை அவள் அடுத்த படத்துக்காகத் தேனிப் பக்கம் கிளம்ப வேண்டியிருந்தது. ஐம்பது நாள் படப்பிடிப்பு. பத்து மணிக்கு வடபழனியில் வண்டி. ஒன்பது மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புவாள் என்று லூர்துமேரி சுவரைப் பார்த்துச் சொல்வதுபோல் சொல்லிவைத்தாள்.

அன்று காலை ஆறே முக்காலுக்கு பக்கிரி ராஜா அண்ணாமலைபுரத்தில் விசாலாக்ஷியின் வீட்டில் இருந்தார். விசாலாக்ஷி முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் ரசாயனம் சொல்லிக்கொடுத்தவர், எழுபத்தொரு வயது. சர்க்கரை இருக்கிறது, இரண்டு முழங்காலும் ஒத்துழைப்பதில்லை. தியேட்டர் படி ஏறி ஏழு வருடமாகிறது. மாதம் ஒருமுறை பக்கிரி சொல்வதுதான் அவர் பார்க்கும் சினிமா. குறுக்குக் கேள்வி கேட்காமல் விடமாட்டார்.

"வாங்கோ பக்கிரி. இன்னிக்கு வேற படமெல்லாம் வேண்டாம். உங்க பொண்ணு படத்தைச் சொல்லுங்கோ."

"அதுவா மாமி. நல்லாருக்கு."

"நல்லாருக்கா? உங்க வாயால ஒத்தை வார்த்தையா? உடம்பு சரியில்லையா உங்களுக்கு?"

நரம்பைத் தேடிக்கொண்டே முதல் பாதியைச் சொன்னார். பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. விசாலாக்ஷி கையை மடக்காமல் பஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தார். "பொண்ணோட சண்டையா?"

அந்த வீட்டில் பொய் சொல்ல வராது. சொன்னார். ஒன்பது மணிக்கு அவள் கிளம்புகிறாள் என்பதையும் சொன்னார்.

"நான் ஏழேகாலுக்கு இட்லி சாப்பிடுவேன். அப்போ ஒன்பதேகாலுக்குன்னா நீங்க இங்க நிக்கணும்? ஒண்ணு பண்ணுங்கோ. எட்டரைக்கே வந்து எடுத்துண்டு போயிடுங்கோ. நான் யார்கிட்டயும் சொல்லலை."

"அதெப்படி மாமி. அந்த நம்பரப் பாத்துத்தான் டாக்டர் மருந்த ஏத்துவாரு, எறக்குவாரு."

"வேற யாரையாவது அனுப்பப்படாதா?"

"உங்க நரம்பு அவங்களுக்குக் கெடைக்காது. ரெண்டு மூணு எடத்துல குத்துவானுங்க."

அது உண்மைதான். பக்கிரி கிளம்பினார். நடுவில் ஐந்து வீடுகள் இருந்தன. அதில் ஒருவர் வீட்டில் அறிக்கை வாட்ஸப்பில் வராதது பற்றிச் சண்டை, இன்னொரு வீட்டில் நாயைக் கட்டாததால் கால் மணி நேரம் வீண். யாருக்கும் அன்று படம் கிடைக்கவில்லை.

ஒன்பது பத்துக்குத் திரும்பி வந்தார். கழுவினார், உதறினார், கையுறை போட்டார், பட்டையைக் கட்டினார். விசாலாக்ஷி, "இப்போ அந்த சீனைச் சொல்லுங்கோ. நானே தீர்ப்பு சொல்றேன்," என்றார்.

"கேளுங்க மாமி, நாயம் நீங்களே சொல்லுங்க. வயசான பாட்டி ஒண்ணு நாற்காலில உக்காந்துகினு கீது. இந்தாளு வர்றான். முகமே சரியில்ல." ஊசி ஒரே தடவையில் உள்ளே போனது. ரத்தம் ஏறியது. "பட்டைய நல்லாத்தான் கட்டுறான். நரம்ப நல்லாத்தான் புடிக்கிறான்." சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. கையுறைக் கையோடு அவர் அதை எடுக்கவில்லை. எடுக்காமலே அது என்ன செய்தி என்று தெரியும். சுவர்க் கடிகாரத்தில் ஒன்பதேகால். "எல்லாம் சரியா செஞ்சவன், கடைசில பாருங்க..." என்று சொல்லிக்கொண்டே ஊசியை உருவினார்.

பட்டை அவிழவில்லை.

விசாலாக்ஷியின் முழங்கை மடிப்பில் தோலுக்கடியில் ரத்தம் பரவி, நாவல்பழம் அளவுக்கு நீலமாக எழும்பியது. பக்கிரி பட்டையைப் பிடுங்கினார், பஞ்சை அழுத்தினார், கையைத் தூக்கிப் பிடித்தார். "மன்னிச்சிருங்க மாமி. ஐயோ. மன்னிச்சிருங்க."

"கத்தாதீங்கோ. எனக்கு ஒண்ணும் ஆகலை. சமையல்காரிட்ட சொல்லி ஐஸ் எடுத்துண்டு வரச்சொல்லுங்கோ. அழுத்தறதை விடாதீங்கோ."

ஐஸ் கட்டியை ஒரு கைக்குட்டையில் சுற்றிச் சமையல்காரி கொண்டுவந்து வைத்தாள். பக்கிரி தரையில் மண்டிபோட்டு உட்கார்ந்து அழுத்திக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் அழுத்த வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் அவர் வாயிலிருந்து வந்தது, "இருவத்தாறு வருசம் மாமி" என்பது மட்டும்தான். அதை மூன்று முறை சொன்னார்.

விசாலாக்ஷிக்கு வலித்திருக்க வேண்டும், காட்டிக்கொள்ளவில்லை. "சரி. கை வீங்கித்து. அப்பறம் அந்தப் பாட்டி என்ன பண்ணினா?"

"எந்தப் பாட்டி?"

"படத்துல இருக்கற பாட்டி."

பக்கிரி நிமிர்ந்து பார்த்தார். எந்தப் படத்திலும் எந்தக் காட்சியையும் நடுவில் விட்டதில்லை அவர்.

"தெரியாது மாமி."

"தெரியாதுன்னா?"

"பட்டைய அவுக்கலன்னதும் எனக்குக் கோவம் வந்துட்ச்சு. எம் பொண்ணே இப்படிப் பண்ணிட்டாளேன்னு. அப்பறம் ஒரு பத்து நிமிசம் தெரையில இன்னா ஓடுச்சின்னே தெரியல."

"அப்போ அந்தக் காட்சியைப் பாக்காமலேயே மார்க் போட்டிருக்கேள்."

பக்கிரி ஐஸ் கைக்குட்டையைத் திருப்பி வைத்து அழுத்தினார்.

"நானும் போட்டிருக்கேன்," என்றார் விசாலாக்ஷி. "முதல் வரியிலேயே தப்புன்னா கீழே படிக்கறதே கிடையாது. கோடு போட்டுட்டு அடுத்த பேப்பர். ஒரு பொண்ணு பேப்பரை எடுத்துண்டு வந்து, 'மிஸ், கீழேயும் எழுதியிருக்கேன்'னா. படிச்சுப் பாத்தா, அவ தப்புன்னு தெரிஞ்சே அந்த வரியை எழுதி, ஏன் தப்புன்னு கீழே போட்டிருக்கா." ஐஸ் உருகி முழங்கையிலிருந்து சொட்டியது. அவர் அதைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார். "கெட்டிக்காரப் பொண்ணு. என்னை மன்னிக்கவே இல்லை."

பக்கிரி ஒரு கையால் அழுத்தியபடியே மறுகையின் உறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினார். இதுவும் அவர் செய்யாத காரியம். போனை எடுத்துப் பார்த்தார். லூர்துமேரியின் செய்தி: பாப்பா கிளம்பிட்டா. காவேரியின் பெயரைத் தொட்டார். எதையோ எழுத ஆரம்பித்தார், அழித்தார். மறுபடி எழுதினார், மறுபடி அழித்தார்.

பஞ்சை மெல்ல விலக்கினார். ரத்தம் நின்றிருந்தது. நீலம் அப்படியே இருந்தது.

"மாமி, கைய கொஞ்சம் ஜன்னல் பக்கம் காட்டுங்க."

விசாலாக்ஷி வளையலை மேலே தள்ளிவிட்டு, கையை வெயிலில் நீட்டினார். பக்கிரி அந்த வீக்கத்துக்கு நேராகப் போனைப் பிடித்து, விரல் ஆடாமல் ஒரு படம் எடுத்து, அதைக் காவேரிக்கு அனுப்பினார்.