மூண்டு நம்பருக்குள்ள இல்லாத தனம் அக்கா

தனம் அக்கா செத்துப்போனா. இண்டைக்குக் காலமை. கிளிநொச்சி ஆஸ்பத்திரியில... கிட்னி வருத்தம்.

இதை வாசிக்கிற கனபேருக்கு அவாவைத் தெரியாது. ஜெயபுரம் தனலெட்சுமி எண்டா, எலெக்ஷன் போஸ்டர் ஒண்டின்ர கடைசி மூலையில நிண்ட மனிசி எண்டு ஆருக்காவது ஞாபகம் வரலாம்.

எனக்கு அவா கார்மென்ட்ஸ் அக்கா. பக்கத்து மெஷின். நான் கொலர் தைப்பன், அவா சேர்ட்டுக்குக் கை பொருத்துவா.

வீட்டில "வாங்க" எண்டுவா, எங்களோட "வாங்கோ" எண்டுவா. தாய் தேப்பன் கலவரத்துக்குப் பயந்து மலையகத்தில இருந்து வந்து, காடு வெட்டிக் குடியிருந்த சனம். இவா பிறந்ததே ஜெயபுரத்தில.

கட்சிக்கு அந்த ஊரின்ர வோட்டும் வேணும், ஒரு பொம்பிளையும் வேணும். தேடிவந்து எலெக்ஷனில நிக்கச் சொல்லிக் கேட்டவை. எங்கட சனத்தின்ர காணிக்கு இன்னும் உறுதிப் பத்திரம் இல்லை, ஆராவது பாராளுமன்றத்தில போய்ச் சொல்லத்தானே வேணும் எண்டு அக்கா ஓம் எண்டா.

நான் விசுவமடு. பக்டரிக்குக் கொஞ்சத் தூரம்தான்... ஆனா முல்லைத்தீவு. என்ர வோட்டு வன்னி மாவட்டத்துக்கு. அக்கா கிளிநொச்சி. மாவட்டமெண்டு கச்சேரிக் கந்தோர், அரச அதிபர் எல்லாம் தனிய இருக்கு, பாராளுமன்றத் தேர்தல் எண்டு வந்தா மட்டும் யாழ்ப்பாணத்தோட சேர்த்து எண்ணுவினம்.

பக்கத்து மெஷின்ல இருந்த மனிசிக்குப் போட என்னட்ட வோட்டு இல்லை. அதால லீவு நாளில போய் அவாவோட வீடு வீடாத் திரிஞ்சனான்.

முதல் கூட்டத்தில "மலையக மக்களின் பிரதிநிதி" எண்டு அறிமுகம் செய்தினம். அக்கா மைக்கை வாங்கி, "நான் ஜெயபுரத்தில பிறந்தனான். மலையகத்தை நான் இன்னும் பார்த்ததே இல்லை" எண்டா.

சனம் சிரிச்சுது. மேடையில இருந்தவை சிரிக்கேல்லை. காணிக் கதைக்கு வரமுதலே நேரம் போயிட்டுது எண்டு மைக்கை வாங்கிட்டினம். பிறகு ஒரு கூட்டத்திலயும் குடுக்கேல்லை.

வோட்டுக்கு முந்தின ஞாயிறு அவா வீட்டு முத்தத்தில தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருந்தம். கட்சியின்ர ஓட்டோ ஸ்பீக்கரோட வந்தது. கட்சிக்குப் புள்ளடி போட்டிட்டு மூண்டு பேருக்கு விருப்பு வாக்குப் போடலாம்தானே... அந்த மூண்டு நம்பரையும் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தாங்கள்.

மூண்டும் யாழ்ப்பாணத்து ஆக்களின்ர நம்பர். அக்காவின்ர ஊரில. அக்காவின்ர படலைக்கு முன்னால.

அவா எழும்பிப் போய் ஓட்டோவை மறிச்சா. "தம்பி, என்ர நம்பரையும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோவன்."

அவன் தலையைக் குனிஞ்சுகொண்டு, "எனக்குத் தந்தது இவ்வளவுதான் அக்கா" எண்டான்.

திரும்பி வந்து, மிச்ச வீடுகளுக்கும் போவம் எண்டா. போனம்.

தோத்தா. அடுத்த கிழமை வேலைக்கு வந்து பழையபடி கை பொருத்தினா. ஊர்ச்சனத்தில கோவமோ எண்டு கேட்டன். அதுகள் காதில விழுந்ததைப் போட்டதுகள், அதுகளில என்ன பிழை எண்டா.

பிறகு நடந்ததுதான் எனக்கு இண்டைக்கும் செமிக்கேல்லை.

அந்த மூண்டு நம்பரில வெண்டவர் ஒருக்கா எங்கட பக்கக் கோயில் திருவிழாவுக்கு வந்தவர். காணி அலுவலைச் சொல்லுவம் எண்டு அக்காவும் சனத்தோட சனமா வரிசையில நிண்டிருக்கிறா. கிட்டப் போனதும் அவர் கும்பிட்டுக் கேட்டாராம், "அம்மா எந்த ஊர்?"

ஒரே மேடையில இருந்தவை. ஒரே போஸ்டரில நிண்டவை.

இதைச் சிரிச்சுக்கொண்டுதான் எனக்குச் சொன்னவா. பிறகு மெஷினை நிப்பாட்டிப்போட்டு வெளிய போனா. வரேக்க முகம் கழுவியிருந்தா.

இண்டைக்கு அந்த வெண்டவற்ற பேஸ்புக் பேஜில அஞ்சலி. "எமது கட்சியின் தூண் சரிந்தது." படமும் அந்தப் போஸ்டரில வெட்டினதுதான்.

மத்தியானம் ரெண்டு பேர் வந்து செத்தவீட்டு ஒழுங்கையில கொடி கட்டிப்போட்டினம். அக்காவின்ர மகள் வெளிய வந்தாள். கழட்டி, வடிவா மடிச்சு, அவையின்ர கையிலயே குடுத்திட்டு உள்ள போயிட்டாள்.

கட்சிக்காரர் ஆரும் கீழ வந்து ஆர்.ஐ.பி போடவேண்டாம். அழிச்சுப்போடுவன்.

நாளைக்குப் பின்னேரம் எடுக்கினம். லீவு சொல்லிட்டன் அக்கா... வாறன்.