அண்ணன் அகராதிக்கு எழுதிய சொல்

தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் எங்கள் அண்ணன் பிறந்தார். அம்மா தேயிலைக் கொழுந்து பறித்த சம்பளத்தில் படித்து, அதே தோட்டத்தில் கணக்கப்பிள்ளையானார். அவர் மறைந்து ஆண்டொன்று ஆகிறது. நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுது என்கிறார்கள் உறவினர்கள். எனக்கு அது வராது.

விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, வேலை பிரித்துக் கொடுப்பது அண்ணனின் பொறுப்பு. பிந்தி வந்தவருக்கு அன்று வேலை கிடையாது. ஒரு நாள் காய்ச்சலோடு பிந்தி வந்த அம்மாவையே திருப்பி அனுப்பினார். தோட்டத்துத் துரை பார்த்துக்கொண்டு நின்றாராம். அன்றைக்கு அண்ணன் சாப்பிடவில்லை. அம்மாவோ, "அவன் வேலைய அவன் பாத்தான்" என்று அவருக்குச் சோறு போட்டு வைத்திருந்தார்.

அதற்குப் பிறகுதான் கொழும்பில் அகராதி தொகுப்பவர்களுக்கு அண்ணன் எழுதத் தொடங்கினார். பெரட்டு என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும், வேறெதுவும் கேட்கவில்லை. அது கொச்சை, 'காலை அணிவகுப்பு' எனலாமே என்று பதில் வந்தது. "அணிவகுப்புல யாரையும் வீட்டுக்குத் திருப்பி அனுப்ப மாட்டாங்க தங்கச்சி" என்றார். மறுபடி எழுதினார். அச்சில் வந்த சான்று ஒன்று அனுப்புங்கள் என்றார்கள். பிரஜாவுரிமைக்கு அரசாங்கம் நம் தோட்டத்து ஆட்களிடம் கடதாசி கேட்டுக்கொண்டிருந்த காலம். சொல்லுக்குமா கடதாசி என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அந்தச் சான்றுக்காகத்தான் கோயில் திருவிழா நோட்டீசில் 'பெரட்டு முடிந்ததும் பூசை' என்று அண்ணன் எழுதிக் கொடுத்தார். அதை டவுன் அச்சகத்துக்குக் கொண்டுபோனவள் நான். நாலு தோட்டத்துக்குப் போகிற நோட்டீஸ், படித்தவர்கள் சிரிப்பார்களே என்று கூசி, 'காலைக் கூட்டம் முடிந்ததும்' என்று மாற்றச் சொல்லிவிட்டேன். அண்ணன் திட்டவில்லை. "ஒனக்கும் வெக்கமா இருக்கா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த திருவிழாவுக்குள் நெஞ்சுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

மழையில் அண்ணனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்ற லயத்துச் சகோதரர்களுக்கும், கிரியைகளில் கூட நின்ற எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இம்மலரை அச்சடித்தவரும் நாங்கள் நானா என்று கூப்பிடும் அதே அச்சகத்து முஸ்லிம் பெரியவர்தான். எழுத்துக் கோக்கும்போது, "இந்தத் தடவையும் அந்தச் சொல்ல மாத்தணுமா?" என்று கேட்டார். அப்படியே இருக்கட்டும் என்றேன்.

முதல் பிரதியை உங்கள் கையில் தராததற்கு மன்னிக்க வேண்டும். அது கொழும்பு அகராதிக்காரர்களுக்குத் தபாலில் போகிறது.