பறவை நெஞ்சில் சிவப்பு நூல்

சாலைக் கடைத்தெருவில் எங்கள் கடைக்குச் சாமி பேதம் கிடையாது. கோயிலுக்குப் பட்டுக்குடையோ தேவாலயத்துக்குத் திரைச்சீலையோ, யார் கேட்டாலும் அப்பா ஆர்டர் எடுத்துவிடுவார். வீட்டில் மெஷினில் உட்கார்ந்து பூவேலை செய்வது அம்மா.

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருடம், புதிதாகப் பட்டம் ஏற்கவிருந்த ஓர் ஆயரின், அதாவது பிஷப்பின், இலச்சினையைத் துணியில் தைக்கும் வேலை வந்தது. அவருடைய நாற்காலிக்குப் பின்னால் தொங்கவிடுவதற்காம். நாங்கள் அச்சன் என்றழைக்கும் இளம் பாதிரியார் ஒருவர் படத்தை வீட்டுக்கே கொண்டுவந்து விளக்கினார். மேலே பச்சைத் தொப்பி, இருபுறமும் தொங்கும் குஞ்சங்கள், கீழே கேடயம். ஆயர் கடற்கரைப் பிள்ளை என்பதால் கேடயத்தில் ஒரு தோணி இருந்தது. அதற்கு மேலே இருந்த நட்சத்திரம் மாதாவைக் குறிப்பது.

அப்பா வழக்கம்போலத் தாராளம் காட்டினார். "குஞ்சம் ரெண்டு சேத்து வச்சுத் தாரோம் அச்சா. அதுக்குத் தனியா சார்ஜ் இல்ல."

அச்சனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. குஞ்சம் கூடினால் பதவியும் கூடிவிடுமாம். பட்டம் ஏற்கும் முன்பே ஆயரைப் பேராயர் ஆக்கப் பார்த்தார் அப்பா. எங்கள் கடையில் கொசுறு வேண்டாம் என்ற முதல் வாடிக்கையாளர் அந்த அச்சன்தான்.

அடுத்து அதிர்ந்தது நான். கேடயத்தின் அடியில் ஒரு வெள்ளைப் பறவை தன் அலகாலேயே தன் நெஞ்சைக் கிழித்துக்கொண்டிருந்தது. வழிந்த ரத்தத்தைக் குஞ்சுகள் வாய் பிளந்து குடித்தன.

"இது பெலிக்கனாக்கும், மோளே. குஞ்சுக பட்டினியில சாகக் கெடந்தா தாய் தன் ரத்தத்தக் குடுத்துப் பொழைக்க வைக்கும்னு பழைய ஆளுக நம்பினாங்க. கர்த்தர் நமக்காக ரத்தம் சிந்தினாருல்லா, அதுக்கு அடையாளம், கேட்டோ" என்றார் அச்சன்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா மட்டும் வைத்த கண் வாங்காமல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அச்சன் போனதும் அப்பா தீர்ப்புச் சொன்னார். நோயாளி கிடக்கும் வீட்டில் ரத்தத்தைத் தைக்கக் கூடாது. பறவையின் வாயில் ஒரு மீனை வைத்துவிட்டால் போதும், அது மீன்தானே தின்னும்?

நோயாளி என் அண்ணன். சின்ன வயதிலேயே அவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன. அம்மாவுடையது பொருந்தும் என்று மெடிக்கல் காலேஜில் சொல்லியிருந்தார்கள். அம்மா தயாராக இருந்தாள். அப்பாதான் சம்மதக் கையெழுத்துப் போடாமல் நாளைக் கடத்தினார். ஒரே வீட்டில் இரண்டு பேரைக் கத்திக்குக் கொடுப்பதா என்று அத்தையும் அவருக்கு ஒத்து ஊதினாள். இந்தப் பேச்செல்லாம் என்னை வெளியே விளையாட அனுப்பிவிட்டு நடந்தது. எனக்குத் தெரியவந்தது பல வருடம் கழித்து.

மீன் விஷயத்தில் அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. தைத்து முடித்ததைச் சுருட்டிக் கட்டி அப்பாவிடம் கொடுத்தாள். நானும் அவரோடு தேவாலயத்துக்குப் போனேன்.

அச்சன் சுருளைப் பிரித்தார். மீனைக் காணோம். பறவையின் நெஞ்சிலிருந்து சிவப்புப் பட்டுநூல், படத்தில் இருந்ததைவிடத் தாராளமாக வழிந்துகொண்டிருந்தது. அச்சன் ரொம்ப நன்றாயிருக்கிறது என்றார். அப்பா பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கத்துவார் என்று நினைத்தேன். "ஏன் இப்படிச் செஞ்ச?" என்று பாதிக் குரலில்தான் கேட்டார்.

"அச்சன் தந்த படத்துல என்ன கெடக்கோ அதத்தான் தச்சேன்" என்றாள் அம்மா, மெஷினை மூடியபடி. "அந்தப் பறவைய யாரும் தடுக்கல. நாளைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுருங்க."

அப்பா போட்டார். என் ரிப்போர்ட் கார்டில் போடுவதுபோல ஏதோ ஒன்று என்று நான் நினைத்துக்கொண்டேன். அண்ணனுக்குத் துணையிருக்க அம்மா ஆஸ்பத்திரிக்குப் போவதாகத்தான் என்னிடம் சொன்னார்கள்.

அண்ணனோடு அவள் திரும்பி வந்து புடவை மாற்றும்போது விலாவின் கீழே பார்த்தேன். முதுகுப் பக்கத்திலிருந்து வயிறு வரை ஒரு தையல், மேடும் பள்ளமுமாக. அம்மாவின் உடம்பில் கைவைத்தவன் யார் என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"யாரும்மா இவ்வளவு மோசமாத் தச்சது?"

அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலியோடு சிரித்தாள். உள்ளறையிலிருந்து அண்ணன் பசிக்கிறது என்று குரல் கொடுத்தான். அந்தப் பறவை என் நினைவுக்கே வரவில்லை.