கையசைக்க ஒரு சன்னல்

இந்த ஊர்க் குழந்தைகள் காப்பகத்தில் கையசைப்பதற்கென்றே ஒரு சன்னல் இருக்கிறது. டென்மார்க்காரர்கள் அதை விங்கெவிண்டூ என்கிறார்கள். குழந்தை ஏறி நிற்க உள்ளே இரண்டு மரப்படி. வேலைக்குப் போகிற அப்பனோ ஆத்தாளோ வெளியே நின்று கையசைத்துவிட்டுத்தான் போகவேண்டும். நம்மவர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மனைவிக்குக் கம்ப்யூட்டர் வேலை. அவள் பிள்ளைப்பேறு விடுப்பு முடிந்ததும் மகள் மகியோடு நான்கு மாதம் நான் வீட்டிலிருந்தேன். வெண்ணந்தூரிலிருந்து அம்மா போனில் பிடித்துக்கொண்டார். "ஆம்பளைக்கு எதுக்கு சாமி புள்ளப்பேறு லீவு? வேலைய உட்டு நிறுத்திப்போட்டாங்களா, அத மொதல்ல சொல்லு."

"இல்லீங்மா, இங்க சட்டமே அப்படித்தானுங்."

"அட போ. உங்கொப்பன் கேட்டிருந்தா ரிக் லாரிய ஊட்டு முன்னால நிறுத்திப்போட்டுத் தாலாட்டுப் பாடியிருப்பாரு."

சிரித்தேன். ஆனால் பயம் எனக்கும் இருந்தது. எட்டாவதோடு நின்று, நாமக்கல் லாரிப் பட்டறையில் வெல்டிங் கற்றவன் நான். இங்கே ஒரு பட்டறையில் வேலை கிடைக்கவே இரண்டு வருடமாயிற்று. நான்கு மாதம் கழித்துப் போனால் என் இடம் இருக்குமா?

அந்தப் பயத்தோடுதான் முதல் நாள் மகியைக் காப்பகத்தில் விட்டேன். அவள் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, சத்தமில்லாமல் நழுவிவிட்டேன். எங்கள் வழக்கம் அதுதான். அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியில் வடக்கே போனால் திரும்ப எட்டு மாதமாகும். புறப்படும்போது அம்மா, "கோழி பாக்கலாம் வா சாமி" என்று என்னைப் புழக்கடைக்குக் கூட்டிப்போவார். திரும்பி வந்தால் வாசலில் செருப்பு இருக்காது. பிறகெல்லாம், கோழி என்றாலே ஓடிப்போய் அப்பா காலைக் கட்டிக்கொள்வேன்.

பத்து மணிக்குப் பட்டறைக்குப் போன் வந்தது. காப்பகத்தில் மகியைப் பார்த்துக்கொள்ளும் மெட்டே.

"மகி கதவையே பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். சொல்லாமல் போனீர்களா?"

"அழுவாளே என்றுதான்."

"அழட்டும். நீங்கள் போவது அவளுக்குத் தெரியவேண்டும்."

எங்கள் ஊர் வழக்கத்தை என் அரைகுறை டேனிஷில் விளக்கப் பார்த்தேன். "என் அப்பாவும் அப்படித்தான் போவார்" என்றேன். மெட்டேயின் குரல் இறங்கிவிட்டது. "ரொம்ப வருத்தமாக இருக்கிறது" என்றார். அப்பா எங்களைக் கைவிட்டுப் போனவர் என்று எடுத்துக்கொண்டார் போல. திருத்த எனக்கு வார்த்தை வரவில்லை. வேலை இடம் பத்திரமாகத்தான் இருந்தது, ஆனால் அன்று ஒரு வெல்டிங் பற்றும் ஒழுங்காக விழவில்லை.

சாயங்காலம் கூப்பிடப் போனேன். மகி என்னைப் பார்த்தாள், கை நீட்டவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். "அப்பா போறப்ப திரும்பிப் பாப்பாருங்களா?"

"பாத்தா எப்படிச் சாமி போவாரு? வாசப்படி தாண்டுனா திரும்பக் கூடாது. நீயும் பாக்காத."

மறுநாள் மகியைப் படியில் ஏற்றி, "வாரேன் சாமி" என்று அவள் முகத்துக்கு நேராகவே சொன்னேன். வெளியே வந்து சன்னலுக்கு எதிரே நின்று கையசைத்தேன். கண்ணாடியை இரு கையாலும் அடித்து அழுதாள். சத்தம் கேட்கவில்லை. மூச்சுப் பட்டு அவள் வாய்க்கு நேரே கண்ணாடி வெளுத்தது. பஸ் வந்துகொண்டிருந்தது. கால் பஸ்ஸைப் பார்த்து நடந்தது. கழுத்து மட்டும், அம்மா கூடாதென்று சொல்லியும், சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தது.