எம்.பி. ஐயாவுக்கு ஓர் அறிமுக உரை

மன்னித்து விடுவது பெரிய குணம் என்று, நாங்கள் குடியேறி வாழும் இந்த வோபர்னில் என்னிடம் சொல்லாத ஆள் இல்லை. இருக்கட்டும். எனக்கு அந்தக் குணம் வாய்க்கவில்லை.

நான் தென்னாபிரிக்காவின் டர்பனில் பிறந்தவள். கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். இந்த அளவுக்குத் தமிழ் எழுத வந்ததே அவரோடும் அவருடைய சனத்தோடும் வாழ்ந்த வாழ்க்கையால்தான். ஐம்பத்தைந்து தாண்டியதும் எங்கள் பகுதி முதியோர் சங்கத்தில் என்னையும் பிடித்துச் சேர்த்துவிட்டார்கள். கார் ஓட்டக்கூடிய முதியவர்களுக்கு அங்கே ஏகக் கிராக்கி. பனிக்காலம் முழுக்க நாலு பேரை ஏற்றி இறக்குவது என் பொறுப்பாயிற்று.

போன மாரியில் சங்கத்துக்குப் புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தார். மகள் வீட்டோடு தங்க வந்தவர். கோட்டு, பளபளக்கும் சப்பாத்து, எல்லோரையும் பார்த்து ஒரு கும்பிடு. தென்னாபிரிக்காவில் பார்லிமெண்டில் இருந்தவர் என்று யாரோ சொல்ல, ஒரு வாரத்தில் 'எம்.பி. ஐயா' ஆகிவிட்டார். முன்வரிசை நாற்காலி அவருக்கு, முதல் வடையும் அவருக்கு. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்கு அவரைக் கண்டதுமே தெரிந்துவிட்டது.

எந்தப் பார்லிமெண்ட் என்று ஒருவரும் கேட்கவில்லை. அங்கே எண்பதுகளில் வெள்ளையர் அரசு மூன்று சபைகள் வைத்தது. வெள்ளையருக்கு ஒன்று, கலப்பினத்தவருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று. நாட்டின் பெரும்பான்மையான கறுப்பின மக்களுக்கு ஒன்றுமே இல்லை. வெள்ளையர் சபை நினைத்ததுதான் நடக்கும். மற்ற இரண்டும் கொலுப் பொம்மைகள். எங்கள் சனத்தில் பெரும்பாலானோர் அந்தத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். என் அண்ணன் கல்லூரியை விட்டுவிட்டு வீடு வீடாகப் போய், "ஓட்டுப் போடாதீங்க" என்று தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தான்.

இவர் அந்த இந்தியர் சபைக்கு வேட்பாளர். ஓட்டுக்கு எங்கே போவார்? நடமாட முடியாதவர்கள் முன்கூட்டியே வாக்களிக்கலாம் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டார். எங்களுடையது அப்பா இல்லாத வீடு. மூட்டுவலிக்காரியான அம்மா அரசாங்க உதவிப்பணத்தில் எங்களை வளர்த்தாள். இவர் வந்து, ஓட்டுப் போடாவிட்டால் அந்தப் பணம் நின்றுவிடும் என்றார். நான் பள்ளிச் சீருடையில் வாசலில் நின்று கேட்டேன். அம்மா பதறிப்போய் நல்ல சேலை ஒன்றை எடுத்துக் கட்டினாள். இவர் காரின் பின்கதவைத் திறந்து பிடித்தார். அவளுக்கு அதுவரை யாரும் கதவு திறந்து பிடித்ததில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூடச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

திரும்பி வந்து அவள் இறங்கியபோது தெருமுனையில் அண்ணன் துண்டுப்பிரசுரத்தோடு நின்றான், நண்பர்களும் நின்றார்கள். அன்று மாலையே வீட்டை விட்டுப் போனான். அம்மா சாகும்வரை அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் தினமும் அவனுக்குச் சோறெடுத்து மூடி வைத்தாள்.

இவர் எம்.பி. ஆனார். உதவிப்பணம் யாருக்கும் நிற்கவில்லை. ஓட்டுப் போடாத அக்கம்பக்கத்துக் கிழவிகளுக்கும் வழக்கம்போல வந்தது. பிறகு எல்லோருக்கும் பொதுவான முதல் தேர்தல் வந்து, ஊரே வெயிலில் வரிசையில் நின்றபோது அம்மா வீட்டை விட்டு அசையவில்லை. "ஒரு தடவை போட்டாச்சு. இனி இந்தக் கைக்கு உரிமை இல்ல" என்றாள். எவ்வளவு கெஞ்சியும் வரவில்லை.

அந்த மனிதர்தான் இப்போது எங்கள் சங்கத்துக்குத் தலைவராக நிற்கிறார். எதிர்த்து ஆளில்லை. கையுயர்த்துவது வெறும் சம்பிரதாயம். ஆனாலும் பழக்கம் விடுமா? செல்வாக்குள்ள தலைவர் இல்லாவிட்டால் இந்த மண்டபத்தை நகரசபை பறித்துவிடும் என்று ஒவ்வொருவரிடமும் மெதுவாகச் சொல்லி வைத்திருந்தார்.

சங்கச் செயலாளர், எல்லோரும் அன்ரி என்று கூப்பிடும் பெண்மணி, என்னிடம் வந்தா. "பிள்ளை, நீரும் அவரின்ர ஊர்தானே? நீர்தான் ஐயாவைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லவேணும். அதுக்குப் பிறகு பொன்னாடை போர்ப்பம்."

ஒரே ஊர் என்றால் புகழ்ந்துதான் பேசுவார்கள் என்பது இந்தச் சனத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. அவருக்கும் அதே நம்பிக்கை. "நம்ம ஊருப் பொண்ணு, நல்லா சொல்லும்மா" என்று தன் அரைகுறைத் தமிழில் சொல்லிக் முகம் மலரச் சிரித்தார்.

நல்லாவே சொன்னேன். கூட்டத்தன்று அவரை ஏற்றிவந்ததும் நான்தான். மைக்கைப் பிடித்து, குரலை ஏற்றாமல், மூன்று சபைகளையும் விளக்கினேன். யாருக்குச் சபை இல்லை என்பதையும் சொன்னேன். பிறகு அம்மாவின் உதவிப்பணம், நல்ல சேலை, கார்க்கதவு, மூடி வைத்த சோறு. "இவர்தான் அந்த எம்.பி." என்று முடித்தேன். வசவு ஒன்றும் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் என்மேல் கோபப்பட்டு அவரைக் காப்பாற்றியிருப்பார்கள்.

பின்வரிசையிலிருந்து ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவர் எழும்பினார். "ஐயா, ஒரு கேள்வி. மண்டபம் பறிபோகும் எண்டு எங்களுக்குச் சொன்னனீங்கள். அதுவும் உப்பிடித்தானோ?"

"அது... அந்தக் காலத்துல நெலமை வேற..." என்றார்.

"நான் கேட்டது இந்தக் காலத்தை."

அன்ரி அவசரமாக எழும்பி, ஆதரிப்பவர்கள் கையை உயர்த்துங்கோ என்றா. ஒரே ஒரு கை உயர்ந்தது. அது அவருடையது. பொன்னாடை மீண்டும் தன் பொலித்தீன் பைக்குள் போயிற்று. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க நான் முயலவுமில்லை.

கூட்டம் கலைந்தது. அவருக்கு வீடு போக வேறு வழியில்லை. வெளியே பனி கொட்டியது. காரின் பின்கதவைத் திறந்து பிடித்தேன். மெல்லக் குனிந்து ஏறினார்.

மகள் வீட்டு வாசலில் நிறுத்தியதும் கேட்டார்: "உங்க அம்மா பேரு என்ன? எவ்வளவோ பேரை ஏத்திட்டுப் போனேன். நெனவு வரல."

கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தார்.

இறங்கிப்போய்க் கதவைத் திறந்துவிட்டேன். பெயரைச் சொல்லவில்லை. அவளிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது போதும்.