மாலை போட்ட படகு

ஏரியின் நடுவுக்குப் போனதும் படகு என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. ரிமோட்டில் குச்சியை இடப்பக்கம் தள்ளினேன், நேராகப் போனது. பின்னால் இழுத்தேன், அப்போதும் நேராகவே போனது.

எட்டாவதோடு பள்ளிக்கூடம் போதும் என்று கிளம்பியவன் நான். கிரானைட் பாலிஷ், லாரி கிளீனர், ரோஜாத் தோட்டம் என்று எதிலும் தங்காமல் சுற்றி, ஓசூரில் ஒரு சின்னப் பட்டறைக்கு வந்து சேர்ந்தேன். கல் தூளில் இருமி, லாரிக்கு அடியில் தூங்கிய எனக்கு, உட்கார்ந்து சால்டரிங் வைப்பது சொகுசாக இருந்தது. மீனுக்குத் தீவனம் தூவும் ரிமோட் படகு செய்தோம். ஆந்திர எல்லையை ஒட்டிய வேப்பனப்பள்ளிப் பக்கம் ஏரியை மீன் குத்தகைக்கு எடுத்திருந்த கெங்கப்பாதான் முதல் வாடிக்கையாளர். அன்றைக்கு அவர் முன்னால் ட்ரையல். அவர் வேண்டாம் என்றால் பட்டறைக்குப் பூட்டுதான் என்று ஓனர் சொல்லியிருந்தார்.

ஓனர் பூஜை போடாமல் எந்த மெஷினையும் நகர்த்த மாட்டார். பெரிய சாமந்தி மாலை வாங்கி, வாடாமல் இருக்க வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து வந்திருந்தார். படகில் கழுத்து மாதிரி இருந்தது ஆன்டெனா மட்டும்தான். அடி முதல் நுனி வரை அதில் சுற்றிவிட்டார்.

சிக்னல் போனால் மோட்டார் நிற்கும்படி செட் பண்ணுவதுதான் முறை. ஆனால் எங்களில் யாருக்கும் நீச்சல் தெரியாது. "நடு ஏரியில நின்னா எவன் போய் எடுக்கறது? ஓடற மாதிரியே வெச்சுடு, எப்பிடியோ கரை சேரட்டும்" என்றார் ஓனர். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

சேர்ந்தது, எதிர்க்கரையில். சேற்றில் மூக்கைச் செருகிக்கொண்டு உறுமியது.

"ஏம்ப்பா, ஆந்திராவுக்குப் போவுதா இது?" என்றார் கெங்கப்பா.

"டெஸ்டிங்ணா. கரையத் தொடுதான்னு பாக்கறோம்" என்ற ஓனர், என் பக்கம் திரும்பாமலே, "இழுடா" என்று முணுமுணுத்தார். நான் இழுத்துப் பிடித்தபடிதான் நின்றிருந்தேன்.

எதிர்க்கரையில் மேய்ந்துகொண்டிருந்த எருமை ஒன்று வந்து படகை முகர்ந்தது. பிறகு சாவகாசமாக மாலையைத் தின்ன ஆரம்பித்தது. பாதி போனது, முக்கால் போனது. கடைசிச் சரத்தை உருவியதும் படகு விருட்டென்று பின்வாங்கியது. எருமை மிரண்டு, வாயில் பூவோடு மேடேறி ஓடியது. குச்சியை இடப்பக்கம் தள்ளினேன். படகு இடப்பக்கம் திரும்பியது.

"நெசமாச் சொல்லு தம்பி. ஓட்டறது நீயா, எருமையா?" என்றார் கெங்கப்பா.

ஓனர் முறைத்தாலும் நான் உள்ளதைச் சொல்லிவிட்டேன். ஈரம் சிக்னலைக் குடித்துவிடும். ஆன்டெனாவில் ஈர மாலை சுற்றியது காதில் பஞ்சு அடைத்த மாதிரி. மாலை இல்லாமல் இன்னொரு முறை எதிர்க்கரை வரை ஓட்டச் சொல்லிப் பார்த்தார் கெங்கப்பா. போய்த் திரும்பியது.

"படகு குடுங்க. மாலை வேணாம்" என்றவர், எதிர்க்கரையைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்: "அது நம்ம எருமைதான்."

கம்பியில்லாமல் ரிமோட்டில் ஓட்டும் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கைக்கும் மெஷினுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள், சாமிக்குப் போட்டதாக இருந்தாலும். எங்கள் பட்டறையில் இப்போது படகுக்குப் பொட்டு மட்டும்தான். மாலையை ஓனர் கழுத்தில் போட்டுவிடுகிறோம். அதன்பிறகு அன்று முழுக்க நாங்கள் சொல்வது எதுவும் அவருக்கு எட்டுவதில்லை.